மூன்றாவது பாட்டின் முடிவில்

அன்புள்ள அப்பாவுக்கு,

முதுகுவலி குறைந்ததா? வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? நான் நன்றாக இருக்கிறேன். இங்கே பெர்கன் நகரில் பதினோரு நாளாக மழை விடவில்லை, அவ்வளவுதான்.

சனிக்கிழமை உங்கள் இசைக்குழுவின் டிரம்மர் டோர்கெய்ர் மாமா ஸ்டூடியோவுக்குக் கூப்பிட்டார். உங்கள் பிளாக் மெட்டல் ஆல்பங்கள் ஐந்தையும் வரிசையாகக் கேட்டுக் குறிப்பெடுத்தேன். முதலாவது, பனிப்புயலில் கதவைத் திறந்தது போல ஒரே இரைச்சல். மூன்றாவதில் கீபோர்டு நுழைகிறது. ஐந்தாவதில் நீங்கள் அலறுவதை விட்டுவிட்டுப் பாடவே தொடங்கிவிடுகிறீர்கள்.

பிறகு, மறுபடி வெளியிடுவதற்காக அவர் சுத்தம் செய்த முதல் ஆல்பத்தைப் போட்டார்.

"அழுக்கா இருந்தாதான் நிஜம்னு உங்கப்பன் வேணும்னே ஓட்டை மைக்குல பதிவு பண்ணான். இப்பக் கேளு பொண்ணே, ஒரு கரகரப்பு இருக்கா?"

இல்லை. மூன்றாவது பாட்டின் முடிவில் அம்மாவும் இல்லை. "போதும்டா பேய்களா, சூப் ஆறுது!" என்று பழைய பதிவில் மாடிப்படியிலிருந்து கத்துவாளே, அதையும் இரைச்சலோடு சேர்த்துத் துடைத்துவிட்டார்.

"எப்படி?" என்றார்.

"நல்லா இருக்கு மாமா" என்றேன். மூன்று மாதம் உழைத்திருக்கிறார், வேறென்ன சொல்வது?

அம்மா இறந்தபோது எனக்கு இரண்டு வயது. அந்த நாலு சொல்லைத் தவிர அவள் குரல் எனக்குத் தெரியாது. வெள்ளிக்கிழமை நீங்கள் சரி என்றால் அம்மா இல்லாத இந்தப் பதிவுதான் வெளியாகும். சரி என்று சொல்லாதீர்கள் அப்பா.

கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி வேண்டும். வீட்டில் இருக்கும் முதல் ஆல்பத்தின் பழைய கேசட்டும் வேண்டும். பார்சலில் போட்டால் தொலைந்துவிடும். நீங்களே கொண்டுவாருங்கள்.

மணி அடித்துவிட்டது, வகுப்புக்கு ஓடுகிறேன்.

உங்கள் மகள்,
குன்வோர்