மூன்றில் இரண்டாம் பக்கம்

நவம்பர் 9, 1986, ஞாயிறு

விடிந்ததிலிருந்து மூட்டம். துவைத்த துணி மூன்றாம் நாளாகக் கொடியில்; காயவில்லை, நாறத் தொடங்கிவிட்டது. மிச்சமிருந்த தீபாவளி முறுக்கும் நமுத்துப்போயிற்று.

ஈப்போவிலிருந்து என் வீட்டுக்காரர் டிவி வாங்கி வந்து மூன்று வாரம். ரிமோட்டுக்குப் பிளாஸ்டிக் சட்டை போட்டாயிற்று. எனக்கே இந்தக் குளிருக்கு நல்ல சட்டை இல்லை.

படம் எல்லார் வீட்டிலும் தெரியும். எங்கள் பெட்டியில் மட்டும் எழுத்துப் பக்கம். பொத்தானை அமுக்கி நம்பர் தட்டினால் செய்தி, வானிலை, விமான நேரம், நாலு நம்பர் லாட்டரிக் குலுக்கல், எல்லாம் எழுத்தாக வந்து நிற்கும். தேயிலைத் தோட்டத்து லயத்தில் இந்த வித்தை தெரிந்தவள் நான் ஒருத்தி. ஆறாவதோடு நின்ற படிப்பு. நாற்பத்தேழு வயதில் ‘டீச்சரக்கா’ பட்டம்.

கங்காணியம்மா (இனி க.அம்மா) வந்தாள். மருமகள் புராணம் அரை மணி. பிறகு பெட்டி.

“ஏன்டி சரோஜா, இதுல எங்கண்ணன் ஊரு சேதி வருமா? கோலா தெர்லா.”

“அங்க என்னா நடக்குது, கோசு லோரி போவுது வருது. அதுக்கு ஒரு பக்கம் போடுவானா?”

கோபித்துக்கொண்டாள். போகும்போது நாலு முறுக்கு. நமுத்ததுதான், சொல்லவில்லை.

புதிதாகப் பார்க்க வருகிறவர்களுக்கு என் பாடம்:

– நம்பர் மூன்றையும் தட்டு. பிறகு பொறு. பக்கம் சுற்றிக்கொண்டுதான் வரும். அவசரப்பட்டு மறுபடி தட்டினால் மறுபடி முதலிலிருந்து.
– எழுத்து உடைந்து வந்தால் பெட்டியை அடிக்காதே. ஏரியலைத் திருப்பு. (கூரைக்குப் புருஷனை ஏற்று.)
– கலரில் மயங்காதே. மேலே மஞ்சளும் நீலமுமாகத் திருவிழா. வேண்டிய சேதி அடியில் வெள்ளையாக ஒடுங்கிக் கிடக்கும். நான் அமைத்திருந்தால் மழையை உச்சியில் போட்டிருப்பேன்.

நவ. 10, திங்கள்

மழை. ஓயவில்லை.

சாயங்காலம் எஸ்டேட் ஆபீஸ் போனில் தம்பி மணி, ரிங்லெட் கடையிலிருந்து. ரிங்லெட் அணைக்குக் கீழே, ஆற்றோரம் கோசுத் தோட்டம் போட்டிருக்கிறான். அங்கேயே பலகை வீடு. பெண்டாட்டி பிள்ளை பெற்று இன்னும் ஒரு மாதம் ஆகவில்லை.

“அக்கா, ஏரி தளும்பி நிக்குதுலா. இன்னும் பேஞ்சா தண்ணிய தொறந்துடுவாங்க. உன் பெட்டி என்னா சொல்லுது?”

பச்சைப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மேட்டுக் கோயில் மண்டபத்துக்குப் போவதா, வீட்டிலேயே இருப்பதா? அதுதான் அவன் கவலை. மண்டபம் ஒழுகும். பிள்ளைக்கு ஏற்கெனவே சளி. பார்த்துச் சொல்கிறேன், தினமும் மத்தியானம் கூப்பிடு என்றேன்.

வானிலை மூன்று பக்கம். தானாக மாறிக்கொண்டே இருக்கும். எழுத்துக் கூட்டி மலாய் படித்து நான் எங்கள் மாநிலம் பகாங்குக்கு வருவதற்குள் அது கெடாவுக்குப் போய்விடுகிறது. இன்று கண்டுபிடித்தது: ஓரத்திலிருக்கும் பொத்தானை அமுக்கினால் பக்கம் அசையாமல் நிற்கிறது! பகாங் இரண்டாம் பக்கத்தில். நிறுத்தி, நிதானமாகப் படித்தேன். மழை குறையுமாம்.

பாடத்தில் சேர்க்க: ஓடுகிற பக்கத்தை நிறுத்திப் படி.

நவ. 11, செவ்வாய்

மழை கொஞ்சம் விட்டது. பெட்டி சொன்னபடியே! மணியிடம் சொன்னேன். “உன் பெட்டி கெட்டிதான்க்கா” என்றான். எனக்குத் தலை கூரையில் முட்டியது.

ஆனால் பேக்டரிக்குப் பின்னால் ஓடும் தண்ணீர் சேற்று நிறம். பதினோராம் நம்பர் மலையில் செடியோடு மண் சரிந்திருக்கிறது. கொழுந்து எடுக்கப் போனவர்களைப் பாதியில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவர் லோரி ஓட்டி வந்தவர், வளைவில் ரோடு வெடித்திருக்கிறது என்றார்.

க.அம்மா வீட்டு நாய் காலையிலிருந்து கட்டிலுக்கடியில். மருமகளுக்குப் பயந்தா என்று கேட்டேன். சிரிக்கவில்லை.

நவ. 12, புதன்

காலை. பகாங் பக்கம் வந்ததும் நிறுத்தினேன். ‘ஹுஜான் ரிங்கான்’, லேசான மழை. லயத்து ஜனமும் சன்னல் வழியாகப் பார்க்கட்டும் என்று பெட்டியை அணைக்காமல் வேலைக்கு. பெருமைதான், வேறென்ன. கரண்டு பில் அவர் தலையில்.

மத்தியானம். சோற்றுக்கு வந்தேன். தகரத்தில் மழை அடிக்கிற அடியில் நான் பேசுவது எனக்கே கேட்கவில்லை. பெட்டியைப் பார்த்தேன்: லேசான மழை. வெளியே பார்த்தேன். மறுபடி பெட்டி. அதையே நம்பினேன். ஆபீசுக்கு நனைந்துகொண்டே போய் மணியிடம் சொன்னேன்.

“நல்லாப் பாத்தியாக்கா? பக்கத்துத் தோட்டத்து மொதலாளி, அந்தத் தௌகே, சாமானெல்லாம் மேல ஏத்துறாரு.”

“தௌகே வூட்ல இந்தப் பெட்டி இல்லலா. நான் கண்ணால பாத்துட்டு வர்றேன்டா.”

சிரித்தான். “சரிக்கா. அப்ப வீட்டுக்குப் போயி படுக்குறேன். ராத்திரி பூரா புள்ள தூங்க வுடல.”

சாயங்காலம். வேலை முடிந்து வந்தால் க.அம்மா சன்னலில்.

“என்னாடி உன் பெட்டி? காத்தாலேருந்து பாக்குறேன், ஒரு எழுத்து அசையல. செத்துடுச்சா?”

நின்றேன். காலையில் நிறுத்திய பக்கம். நிறுத்தியது நிறுத்தியபடி. மத்தியானம் நான் படித்தது காலைச் சேதி.

பிளாஸ்டிக்குக்குள் பொத்தான் எங்கே என்று கை தேடியது. அமுக்கினேன். ஒன்று. இரண்டு. பகாங். ‘ஹுஜான் லெபாட்’, கனமழை. மலைப்பகுதி. எச்சரிக்கை, சிவப்பில். எத்தனை மணியிலிருந்து அங்கே இருந்ததோ.

“என்னாடி போட்டிருக்கான்? ஏன்டி மூஞ்சி இப்புடிப் போவுது?” ஆபீசுக்கு ஓடினேன். கணக்கெழுதும் கிராணி போனைக் காதில் வைத்துப் பார்த்துவிட்டு நீட்டினார். உள்ளே ஒன்றுமில்லை. “ரிங்லெட் பக்கம் மரம் வுழுந்திருக்கும்மா. ஒரு மணி நேரமா இப்புடித்தான்.”

மணி சின்ன வயதிலிருந்தே அப்படி. நான் சொல்லிவிட்டால் இன்னொருவரைக் கேட்கமாட்டான். தௌகே வந்து எழுப்பினாலும் அக்கா சொன்னாள் என்பான்.

ரிங்லெட் போக லோரிக்கு டீசல் ஊற்றுகிறார்கள். அது முடியும்வரை இதை எழுதுகிறேன். அவர் என்னைக் குறை சொல்லவில்லை. “அவன்கிட்ட என்னா சொன்ன?” என்று மட்டும் கேட்டார். பக்கத்தில் இருந்ததைத்தான் சொன்னேன் என்றேன். தலையாட்டினார்.

கீழே பள்ளத்தாக்கிலிருந்து நீளமாக ஒரு சத்தம். பேக்டரிச் சங்கு இல்லை. சங்கு ஊதுகிற நேரம் எனக்குத் தெரியும். இது அணைப் பக்கமிருந்து.

அவர் ஹாரன் அடிக்கிறார். “வூட்ல கயிறு இருந்தா எடுத்துக்கிட்டு வா.”

கொடியிலிருந்து துணியைத் தள்ளிவிட்டுக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டேன்.