அப்பா தொட்டுப் பார்த்த சக்கரம்

ஷெல்பி, மாண்டானா
ஜூலை 1979

அன்புள்ள டார்லாவுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலம், டிரெய்லர்தான் நலமில்லை. அலாஸ்காக் கொசுக்கடியில் நீயும் கர்ட்டும் வயிற்றுப் பிள்ளையும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பயப்படாதே, எங்கள் இருவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. பிள்ளை பிறப்பதற்குள் போய்ச் சேர்ந்துவிடுவேன் என்று அப்பா கிளம்பும்போதே நெப்ராஸ்காவில் சர்ச் முழுக்கச் சொல்லிவிட்டார், நீ படுத்த பழைய தொட்டிலையும் துடைத்து, காருக்குப் பின்னால் மாட்டிய டிரெய்லர் வீட்டில் ஏற்றிவிட்டார். அவருடைய வழக்கம்தான் உனக்குத் தெரியுமே, எங்கே நிறுத்தினாலும் முதல் வேலையாகச் சக்கரத்தின் நடுவில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார், சூடாக இருந்தால் உள்ளே பேரிங் போகப் போகிறது என்று அர்த்தம். பசுவைத் தடவுவது போலத் தடவிவிட்டு, "ஜில்லுனு இருக்கு ஐலீன், ஏறு" என்பார். இந்தத் தடவையும் ஒரு இடம் விடாமல் பார்த்தார். ஆனால் பிறந்தநாளுக்கு நீ அனுப்பினாயே, ரோமம் வைத்துத் தைத்த கையுறை, அதைப் போட்டுக்கொண்டு பார்த்தார். ஜூலை வெயிலில், பெட்ரோல் பங்கில் முன்பின் தெரியாதவர்களிடமெல்லாம் அதைக் காட்டிக்கொண்டு. எனக்கும் அது உறைக்கவில்லை. வையோமிங்கில் ஏதோ தீய்ந்த வாடை வந்தபோது நான் கட்டிக்கொடுத்த சாண்ட்விச்சைத்தான் குறை சொன்னார்.

ஷெல்பிக்குச் சற்று முன்னால் ஒரு சக்கரம் எங்களை முந்திக்கொண்டு உருண்டுபோய்க் கோதுமை வயலில் இறங்கியது. "யாரோடதோ கழண்டு போகுது பாரு, பாவம்" என்றார் அப்பா. அப்புறம்தான் டிரெய்லர் சாய்ந்தது. டிரெய்லர்க்காரர்கள் குணம், ஒருவர் நின்றால் போகிற வருகிற எல்லோரும் நிற்பார்கள். மடக்கு நாற்காலிகளை விரித்து வரிசையாக உட்கார்ந்துகொண்டார்கள், அயோவாக்கார அம்மாள் ஒருத்தி உருளைக்கிழங்கு சாலட் பரிமாறினாள், ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். கிரீஸ் மட்டமான சரக்கு என்றார் அப்பா. பாரம் அதிகம் என்று ஒரு மனிதர் என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னார், அவருக்கு மட்டும் நான் காபி ஊற்றவில்லை. இழுவை வண்டியோடு வந்த மெக்கானிக் ட்வைட், "வழியில தொட்டுப் பாக்கலையா பெருசு?" என்று கேட்டார். அப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "நின்ன எடமெல்லாம் பாத்தேன்யா, இந்தக் கையாலதான்" என்று கையை நீட்டினார். கையுறையோடு. ட்வைட் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நல்ல கையுறை, சூடே ஏறாது போல" என்றார். "எம்மக அனுப்புனது" என்றார் அப்பா பெருமையாக. சொன்ன பிறகுதான் அவர் முகம் மாறியது.

புது அச்சு வெளியூரிலிருந்து வர வேண்டும் என்று ட்வைட் சொன்னதும் அப்பா டிரெய்லருக்குள் போய்த் தொட்டில் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். "புள்ள பொறக்கறதுக்குள்ள போகமாட்டோம் போலிருக்கு, என் கூறுகெட்டதனத்தால" என்றார். வாயில் தயாராக வைத்திருந்த திட்டையெல்லாம் விழுங்கிவிட்டேன், அவரை அப்படிப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. நல்லவேளை, அச்சு இன்று வந்து, ட்வைட் மாட்டியும் கொடுத்துவிட்டார். ஊரைச் சுற்றி ஓட்டிப் பார்த்துவிட்டு வந்ததும், அப்பா கையுறையைக் கழற்றி என் கையில் கொடுத்து, வெறுங்கையால் தொட்டார். ஜில்லென்று இருந்ததாம். உடனே வாங்கித் திரும்பவும் போட்டுக்கொண்டார்.

நாளைக் காலையில் கிளம்புகிறோம். இந்தக் கடிதம் விமானத்தில் எங்களுக்கு முன்னால் வந்துவிடும். கனமாக எதையும் தூக்காதே, கர்ட்டைத் தூக்கச் சொல். வயிற்றைத் தடவி, தாத்தா வந்துகொண்டிருக்கிறார், கொஞ்சம் பொறுத்துக்கொள் என்று பிள்ளையிடம் தினமும் சொல், உன்னைப் போலப் பிடிவாதம் இருந்தால் கேட்காது, இருந்தாலும் சொல். கர்த்தர் உங்கள் மூவரையும் கண்போலக் காக்கட்டும். ஒன்று மட்டும் மறக்காதே, கிறிஸ்துமஸுக்கு அப்பாவுக்குக் காலுறை அனுப்பு. காலால் அவர் எதையும் தொட்டுப் பார்ப்பதில்லை.

இப்படிக்கு,
வழியில் இருக்கும் உன் அம்மா,
ஐலீன்