சரி என்றால் ஒரு தட்டு

என் பெரியவளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சின்னவளும் நலம், அங்கே உன் நலத்தை உன் வாயால் கேட்கத்தான் ஆசை. நீ போனை எடுப்பதே இல்லை, ‘நலம்’ என்று ஒற்றை வார்த்தையைத் தட்டி அனுப்பிவிடுகிறாய், அதை வைத்துக்கொண்டு நான் எப்படி நிம்மதியாகச் சாப்பிடுவது? கடைசியாகப் பேசியபோதே உனக்கு இருமல் விடவில்லை. ஊருக்கெல்லாம் ஊசி போடுகிற நர்ஸம்மா தன் உடம்பை மட்டும் கவனிக்க மாட்டாள்.

சின்னவள் எழுத்துக்கூட்டும் போட்டிக்கு உயிரைக் கொடுத்துப் படிக்கிறாள். இப்போது பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த சொற்கள். பொக்கே, பாலே, பஃபே எல்லாவற்றின் கடைசியிலும் சத்தமே வராத ஒரு ‘டி’ இருக்குமாமே, சம்பளம் வாங்கிக்கொண்டு வேலை செய்யாத ஆள் என்று அப்பா சிரிக்கிறார். நீ இங்கே இருந்தபோது பழக்கிவிட்டாயே, அவள் தன் அறையில் உரக்க எழுத்துக்கூட்டுவாள், பக்கத்து அறையிலிருந்து நீ சுவரில் தட்டுவாய், சரி என்றால் ஒரு தட்டு, தப்பு என்றால் இரண்டு. அந்தத் தட்டு இப்போதும் கேட்கிறது. உன் அறையோ பூட்டிக் கிடக்கிறது. குழாயில் காற்று என்றார் அப்பா, குழாய்க்காரரை வரவழைத்துப் பார்த்தால் அந்தச் சுவரில் குழாயே இல்லை. பட்டப்பகலில் நானே உன் அறையைத் திறந்து உள்ளே போய்ச் சுவரில் கை வைத்து நின்றேன், அந்தப் பக்கம் அவள் ஒரு சொல்லை முடித்ததும் என் உள்ளங்கைக்குக் கீழே தட்டியது. வெடுக்கென்று கையை எடுத்துவிட்டேன். சின்னவளுக்குத் துளி பயமில்லை, அக்கா சொல்லிக்கொடுக்கிறாள் என்கிறாள். அது ஒரு தடவைகூடத் தப்பாகத் தட்டியதில்லை. முந்தாநாள்தான் அவள் சரியாகச் சொன்னதற்கும் இரண்டு விழுந்தது, மெதுவாக, விட்டு விட்டு. திரும்பச் சொன்னாள், திரும்பவும் இரண்டு. புத்தகத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், “நான் சரியாத்தாம்மா சொன்னேன். அக்காவுக்குத்தான் முடியல போல” என்றாள்.

பரிசு வந்தாலும் வராவிட்டாலும் போகட்டும். இதைப் பார்த்ததும் போன் செய், இருமினாலும் பரவாயில்லை, எனக்கு உன் குரல் வேண்டும். வெந்நீர் குடி, காதை மூடிக்கொண்டு வெளியே போ. நீ நோய்நொடியில்லாமல் நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும், எனக்கு வேறு வேண்டுதல் இல்லை. அப்பா வேலைக்கும் சின்னவள் பள்ளிக்கும் போயாயிற்று, இதை உன் கட்டிலில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். இப்போது சுவரில் தட்டுகிறது. நீ என்ன கேட்கிறாய் என்று தெரியவில்லை கண்ணு, நான் ஒரே ஒரு தடவை திருப்பித் தட்டினேன்.

உன் அம்மா