தையலுக்கு விட்ட முக்கோணம்

அக்கா, என் மகளுக்கு அடுத்த வாரம் பத்தாம் வகுப்புக் கணக்குப் பரீட்சை. காலையிலிருந்து கூடத்தில் உட்கார்ந்து செய்முறை வடிவியல் போட்டுப் பார்க்கிறாள். பென்சில் சீவிய வாசம் அடுப்படி வரைக்கும் வருகிறது. அந்த வாசம் வந்தாலே எனக்கு நீங்கள்தான். சாதம் வடிக்கப் போனவள் அப்படியே நின்றுவிட்டேன்.

நாம் இருவரும் ஒரே பனியன் கம்பெனியில், அடுத்தடுத்த மிஷினில் தைத்தோம். பள்ளிக்கூடத்தில் மற்ற பாடமெல்லாம் தேறியிருந்த உங்களுக்குக் கணக்கு மட்டும் நின்றுபோயிருந்தது. மகளுக்குக் கல்யாணம் முடித்த கையோடு, தனித்தேர்வு எழுதப் போவதாகச் சொன்னீர்கள். பத்தாவது பாஸான நான்தான் வாத்தியார். "மத்ததெல்லாம் வேண்டாங் கண்ணு. தேற்றத்தையும் படம் வரையறதையும் காட்டிக் குடு, அதுல புடிச்சுக்கறேன்" என்றீர்கள்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில், கட்டிங் மேசையின் ஓரத்தில் படித்தோம். தேற்றத்தைக் கடகடவென்று ஒப்பித்துவிடுவீர்கள். படம்தான் உதைத்தது. முக்கோணத்தின் அடிப்பக்கம் எட்டு சென்டிமீட்டர் என்றால் உங்கள் கோடு ஒன்பதில் போய் நிற்கும். ஸ்கேலை மாற்றினேன், பென்சிலை மாற்றினேன். ம்ஹூம்! கடைசியில் பொறுமை போய்க் கேட்டேன்: "ஏனுங்க்கா, எட்டுன்னுதானுங்க போட்டிருக்குது?"

"எட்டுத்தான் கண்ணு. தையலுக்கு விட வேண்டாமா? புடிச்சுத் தெச்சா சரியா வந்துரும்."

கம்பெனி விட்டுப் போய் வீட்டிலும் ஜாக்கெட் வெட்டுகிற கை அல்லவா! சொன்ன பிறகுதான் உங்களுக்கே உறைத்தது. சூப்பர்வைசர் எட்டிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தோம். சிரிப்பு அடங்கியதும், முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னீர்கள்: "கொழம்புல உப்புக் கூடுனாலும் எங்கூட்டுக்காரரு 'பெயிலானவதானே'ம்பாரு கண்ணு. அந்த வாயில ஒருக்கா பாஸுன்னு கேட்டுட்டாப் போதும்."

அதற்குப் பிறகு நான் உங்கள் படத்தைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

பரீட்சை அன்று லீவு சொல்லிவிட்டுப் பள்ளிக்கூட வாசலில் காத்திருந்தேன். கேட்டைத் தாண்டும்போதே, "ஒரு நூலுகூட விடல கண்ணு!" என்று கத்திக்கொண்டு வந்தீர்கள். என் இரண்டு கையையும் பிடித்து ஆட்டினீர்கள். உங்களை அப்படி நான் பார்த்ததே இல்லை.

அப்புறம்தான் அந்தப் பாழாய்ப்போன காமாலை. கம்பெனியில் வேலை நெருக்கடி என்று ஆஸ்பத்திரிக்குப் போவதைத் தள்ளிப் போட்டீர்கள். நானும் எத்தனையோ சொன்னேன், கேட்டால்தானே? ரிசல்ட் வந்தபோது நீங்கள் இல்லை.

போனில் பார்த்துவிட்டு உங்கள் வீட்டுக்கு ஓடினேன். உங்கள் வீட்டுக்காரர் வாசலில் தனியாக உட்கார்ந்திருந்தார். இவரிடம் போய்ச் சொல்வதா என்று எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

"அக்கா பாஸுங்க" என்றேன்.

"நெசமாலுமாங்க?"

"நெசமாலுமேதானுங்க. கணக்குல பாஸு."

மனிதர் சட்டென்று எழுந்தார். வீட்டுக்குள் அடுப்படிப் பக்கம் திரும்பி, "ஏ புள்ள, பாஸாயிட்டியாமா!" என்று கூப்பிட்டார். கூப்பிட்ட வாய் அப்படியே நின்றது. பிறகு நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

நீங்கள் கேட்கத் தவித்ததை நான் ஒருத்திதான் கேட்டேன், அக்கா. எனக்கு வந்த சொல் இல்லை அது. உங்களிடம் கொண்டுவந்து சேர்க்கவும் முடியாமல் இன்னும் வைத்துக்கொண்டிருக்கிறேன்.