பழனியாண்டிக்குப் போன கடிதம்

முருகன் துணை

நாச்சியாபுரம்
18-1-1966

அன்புள்ள மச்சானுக்குப் புஷ்பவள்ளி எழுதியது.

உங்கள் கடிதத்தைப் பிரித்தபோது வீட்டில் இருந்தது நான், உங்க அம்மா, பக்கத்து வீட்டுப் பொன்னழகு, அவ இடுப்புப் பிள்ளை. வேற ஒருத்தரும் இல்லை. பொங்கலுக்கு ஏதோ எழுதியிருப்பீகன்னு ஆசையாப் பிரிச்சா, போன மாசம் நான் எழுதின கடிதமே திரும்பி வந்திருக்கு. ஊடே ஊடே சிவப்புப் பென்சில் வட்டம்.

"என்னத்தா, பரீட்சைப் பேப்பரா? எத்தனை மார்க்கு?"ன்னா பொன்னழகு. அத்தைக்கு எழுத்துத் தெரியாதே, "எம்மகன் பூப் போட்டு அனுப்பியிருக்கான்"னு சொல்லிச் சிரிச்சாக.

வட்டம் போட்டதையெல்லாம் பார்த்தேன். வாழைப்பழத்தை வாளப்பளம்னு எழுதியிருக்கேன். மழையை மளைன்னு. வெண்ணெயை வென்னைன்னு. எல்லாம் தினம் கையில் புளங்குறது. ஆனா விபூதி, அர்ச்சனை, கும்பாபிஷேகம், ஒண்ணுலயும் வட்டம் இல்லை. கஷ்டமானதுல தப்பாம லேசானதுல தப்புறது எப்படி மச்சான்? குன்றக்குடிக் கோயில் வாசலில் வாங்கின பாட்டுப் புத்தகத்தை வச்சு அடுப்படியிலேயே எழுத்துப் படிச்சவ நான். உங்களை விட்டா யாரைக் கேட்க? வீட்டுக் கணக்குலயும் வாளப்பளம்னுதான் எழுதுறேன். கணக்கு ஒருநாளும் தப்பினதில்லை.

அத்தைக்கு முளங்கால் வலி தேவலை. செவலை கன்னு போட்டிருக்கு, காளைக்கன்னு. பூப் போட்டது போதும், அடுத்ததில் சேதி எழுதுங்க.

உங்கள்
புஷ்பவள்ளி

❖

பினாங்கு
2-2-1966

அன்புள்ள புஷ்பவள்ளிக்கு,

நலம். கோபப்படாதே. இந்தக் கிட்டங்கியில் சரக்கு மூட்டைகளுக்கு நடுவே ஒரே கூடத்தில் அத்தனை பேரும் படுத்து எழுந்திருக்கிறோம். ஊர்க் கடிதம் யாருக்கு வந்தாலும் சத்தம் போட்டு வாசிப்பதுதான் இங்கே வழக்கம். நான் வட்டம் போட்ட அந்தக் கடிதத்தைச் சத்தியமூர்த்தி பிடுங்கி வாசித்தான். அன்று முதல் என்னைக் கண்டால் "வாங்க, வாளப்பளம் மாப்பிள்ளை" என்கிறான். மானம் போகிறது. இனி நீ எழுத வேண்டாம். புதிதாக வந்திருக்கும் போஸ்ட்மாஸ்டர் மகள் கண்ணம்மை எஸ்.எஸ்.எல்.சி. படித்தவள் என்று சொன்னாயே, அவளிடம் சொல்லி எழுதி வாங்கு.

முக்கியமான சேதி ஒன்று. முதலாளி சுல்தான் ராவுத்தர் எங்கள் எல்லாரிடமும் ஒப்பந்தப் பேப்பர் நீட்டியிருக்கிறார். கையெழுத்துப் போட்டால் இன்னும் மூன்று வருஷம் ஊர்ப்பக்கம் வர முடியாது. போடாவிட்டால் சித்திரையில் கப்பல் ஏறிவிடலாம். இருக்கவா, வரவா? உன் மனசில் உள்ளதை ஒளிக்காமல் சொல்.

அன்புடன்
மலையாண்டி

❖

அன்பும் பண்பும் நிறைந்த என் பிராணநாதருக்கு அநேக நமஸ்காரம்.

இவ்விடம் யாவரும் இறையருளால் நலம். தங்கள் நலனறிய ஆவல். தங்கள் மடல் கிடைக்கப்பெற்று அளவிலா ஆனந்தம் அடைந்தேன். அங்கே இருப்பதா, இங்கே வருவதா என்று வினவியிருந்தீர்கள். தங்கள் விருப்பம் எதுவோ அதுவே என் விருப்பம். எங்கிருந்தாலும் தாங்கள் சீரும் சிறப்புமாக வாழ ஆண்டவனைப் பிரார்த்திக்கிறேன்.

தங்கள் அன்பு மனைவி
புஷ்பவள்ளி
நாச்சியாபுரம், 15-2-1966

❖

பினாங்கு
4-3-1966

புஷ்பவள்ளிக்கு,

இங்கே நடந்த கூத்தைக் கேள். உன் கடிதத்தின் உறைமேல் பழனியாண்டி என்று எழுதியிருந்தது. எங்கள் கடையில் மூட்டை அடுக்குகிற பழனியாண்டி ஒருவர் இருக்கிறார். எழுத்து வாசனை இல்லாதவர். இருக்கவா, வரவா என்று அவரும் ஊருக்கு எழுதச் சொல்லிப் போட்டிருந்தார். சத்தியமூர்த்திதான் அவருக்கு வாசித்துக் காட்டினான். கூடமே அசந்துபோய்க் கேட்டது. "எம்பொஞ்சாதி பேச்சைப் பாத்தீகளாடா, பிராணநாதராம்!" என்று எல்லாருக்கும் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தார் மனுஷன். நானும் வாங்கிக் குடித்தேன். கடைசியில் உன் பேரையும் ஊரையும் வாசித்ததும் அவர் முகம் சுண்டிப்போனதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

பேர் எப்படி மாறியது என்று தெரியவில்லை. என்னைக் குடைவது அது இல்லை. என் பெண்டாட்டி கடிதத்தை முதலிலிருந்து கடைசிவரை என் காதால் கேட்டும் எனக்கு அடையாளம் தெரியவில்லை. அதில் ஒரு பிழைகூட இல்லை. நீயும் இல்லை.

என் விருப்பத்தையா கேட்டேன்? வர வேண்டாம் என்பதைத்தான் மரியாதையாகச் சொல்கிறாயா? பங்குனி கடைசிக்குள் பேப்பரைக் கொடுத்தாக வேண்டும். இன்னும் கையெழுத்துப் போடவில்லை. நீயே எழுது.

மலையாண்டி

❖

முருகன் துணை

நாச்சியாபுரம்
15-3-1966

அன்புள்ள மச்சானுக்கு,

எழுதாதேன்னு சொன்னீக. அந்த ரோஷத்துல உறையைக்கூட நான் தொடலை. உங்க கடிதத்தைக் கன்னிப்பொண்ணு கையில் கொடுக்க முடியுமா? மேலே அச்சடிச்ச கடை விலாசத்தை மட்டும் கிளிச்சுக் கொண்டு போனேன். "அண்ணன் பேரு என்னக்கா?"ங்கிறா. நான் எப்படிச் சொல்ல? எடுத்துச் சொல்ல அத்தையும் இல்லை, திருக்கோஷ்டியூர் போயிருந்தாக. "முருகன் பேருதான் தாயி, கோவணம் கட்டிக்கிட்டு நிக்கிறாரே"ன்னேன். "ஓ, அவரா!"ன்னு எழுதி ஒட்டி, நான் பார்க்கிறதுக்குள்ள தபால் பையில் போட்டுட்டா.

இருக்கவா, வரவாங்கிறதுக்கும் அதே கதைதான். பேனாவைத் திறந்து வச்சுக்கிட்டு "என்னக்கா எழுதட்டும்?"னு உட்கார்ந்திருக்கா. சின்னப் பொண்ணுகிட்ட, புருஷனை வரச் சொல்லி எழுதுன்னு சொல்ல வாய் வருமா? வெட்கம் பிடுங்கித் தின்னுச்சு. "அவுக இஷ்டம்"னேன். மிச்சமெல்லாம் அவளாப் போட்டது.

நீங்க வட்டம் போட்டதையும் யோசிச்சுப் பார்த்தேன். வாளப்பளம்னு வாய் தினம் சொல்லிக்கிட்டே கெடக்கு. எழுதுறப்ப வாய் முந்திக்குது, கண்ணு பின்னால வருது. அர்ச்சனைங்கிறதைப் புத்தகத்தில் பார்த்துப் பார்த்துக் கத்துக்கிட்டேன், அதான் தப்பலை. உங்க பேரை நான் ஒருநாளும் வாயால சொன்னதில்லை. கோயிலில் பாடுறப்ப அந்தப் பேர் வர்ற வரியை மென்னு முளுங்கிடுவேன். எழுத்துப் படிச்சதே அந்தப் பேரை எழுதத்தான். இத்தனை வருஷமா நான் எழுதின உறைகளை எடுத்துப் பாருங்க, மலையாண்டியில் எங்கேயாவது வட்டம் போட இடம் இருக்கா?

பழனியாண்டி அண்ணனை அவுக சம்சாரத்துக்கு இன்னொரு கடிதம் போடச் சொல்லுங்க, பாவம்.

நேத்து இங்கே கோடை மளை பேஞ்சுச்சு. கொல்லையில் வாளை குலை தள்ளியிருக்கு. சித்திரைக்குப் பளுத்துரும். பேப்பரைத் திருப்பிக் கொடுத்துட்டு வாங்க மச்சான். வந்துருங்க. இதைச் சத்தியமூர்த்தி சத்தமாவே வாசிக்கட்டும்.

கப்பல் என்னைக்குன்னு எழுதி உடனே பதில் போடுங்க.

உங்கள்
புஷ்பவள்ளி