தாழ்ந்திருந்த பக்கம்

பாப்பாவின் அம்மாவுக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா? மாத்திரையை நிறுத்திவிடாதே.

சென்ற வாரம் பட்டறைக்குப் பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வந்தது. ஸ்பிரிங்குகள் தளர்ந்து, ஓட்டுபவர் பக்கம் மட்டும் தாழ்ந்து நின்றது. தேய்ந்ததையெல்லாம் கழற்றிப் புதிதாகப் போட்டேன். வண்டி நிமிர்ந்து நின்றதும் எனக்கு மீசையை முறுக்கத் தோன்றியது.

எடுத்துப்போக மகனோடு வந்த பெரியவர் வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"சரியா இல்லையா சார்?" என்று கேட்டேன்.

"சரியாத்தான் இருக்கு தம்பி. விக்கறதுக்காக இவன்தான் ரிப்பேர் பண்ணச் சொன்னான். எனக்கு ஓட்டத் தெரியாது. இத்தனை வருஷமா என் சம்சாரம்தான் தனியா வேலைக்கு ஓட்டிட்டுப் போவா. போன மாசம் தவறிட்டா. அவ உக்காந்த பக்கந்தான் அப்படித் தாழ்ந்து கிடந்துச்சு."

அந்தப் பக்கத்துப் பழைய ஸ்பிரிங்கைத் துடைத்துக் கொடுத்தேன். குழந்தையை வாங்குவதுபோல் வாங்கி, மகன் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து மடியில் வைத்துக்கொண்டு போனார்.

மற்றபடி இங்கே ஒரு குறையும் இல்லை, கவலைப்படாதே. முதலாளி கூப்பிடுகிறார், முடிக்கிறேன். கட்டிலில் உங்கள் பக்கம் பள்ளமாகிவிட்டது, மெத்தையைப் பிரித்துப் பஞ்சடிக்கக் கொடுக்கிறேன் என்றாயே, கொடுக்காதே. நான் வந்து படுக்கும்வரை அது அப்படியே இருக்கட்டும்.

பாப்பாவின் அப்பா