படத்துக்குள் வராத தலை

மார்ச் 3, செவ்வாய்

இன்றும் கடையில் நாள் முழுக்க மனிதர்களைச் சிரிக்கவிடாமல் பார்த்துக்கொண்டேன். பாஸ்போர்ட் படம் எடுப்பவனின் தொழில் தர்மம் அது. கண்ணைத் திறங்க, காதைக் காட்டுங்க, பல்லை மூடுங்க. ஊரிலேயே அதிக சோக முகங்களைச் சேர்த்து வைத்திருக்கும் சக்கரவர்த்தி நான்தான்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் கலைஞன். இன்றைய காவியம், பாதியாக வெட்டிய அவித்த முட்டை. ஜன்னல் வெளிச்சம் மஞ்சள் கருவில் விழுந்தபோது சூரியனே வெட்கப்பட்டு மேகத்துக்குள் போனான். (மேகம் தற்செயலாக வந்தது என்பார்கள். பொறாமை.)

நான் படம் எடுக்கும்வரை தட்டில் யாரும் கைவைக்கக் கூடாது. தங்கை வீட்டில் ஒட்டிக்கொண்டிருக்கும் அண்ணன் போட்ட சட்டம். இருந்தும் வருஷக்கணக்காகச் செல்லுபடியாகிறது. எடுத்த படங்கள் நடைவழிச் சுவரில் கயிறு கட்டிக் கிளிப்பில் தொங்கும். அதற்கு நான் வைத்த பெயர் உலகப் பெருங்கண்காட்சி. தங்கை வைத்த பெயர் ஒட்டடை.

தங்கை மகள் முதல் வாயிலேயே முகத்தைச் சுளித்தாள். சட்டக் கல்லூரியில் முதல் வருஷம். வீட்டில் பிறந்ததிலிருந்தே நீதிபதி. நான் கூப்பிடுவதும் அப்படித்தான்.

"அம்மா, பருப்புல உப்பே இல்ல."

தங்கை என் பக்கம் திரும்பினாள். "உங்க மாமா படம் எடுத்து முடிக்கிறதுக்குள்ள ஆறிப்போச்சு. ஆறின பருப்புல என்ன ருசி இருக்கும்?"

தீர்ப்பு எனக்கு எதிராக வந்தது. மேல்முறையீடு கிடையாது.

மார்ச் 5, வியாழன்

கீரையில் இரண்டு தடவை உப்பு. குற்றவாளி: கேமரா.

மார்ச் 8, ஞாயிறு

மாப்பிள்ளை லிஃப்ட் பழுது பார்ப்பவர். பகலெல்லாம் மேலும் கீழும் போய்வந்துவிட்டு, வீட்டில் ஒரே மட்டத்தில் இருக்கிற மனிதர். தங்கையைக் கட்டிய நாளிலிருந்து இதுவரை சாப்பாட்டைக் குறை சொன்னதில்லை. கல்லைச் சமைத்து வைத்தாலும் "நல்லா வெந்திருக்கு" என்பார். இன்று மீனைத் தொட்டுவிட்டு, மெதுவாக எழுந்து போய் ஊறுகாய் பாட்டிலை எடுத்துவந்தார். பூகம்பம்.

எல்லோரும் கேமராவைப் பார்த்தார்கள்.

ஆனால் படம் அற்புதம். கொஞ்ச நாளாகவே என் படங்கள் வேறு உயரத்துக்குப் போய்விட்டன. பாத்திரம், ஆவி, வெளிச்சம் - நடுவில் எந்தத் தொந்தரவும் இல்லை. கலை கனிந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

மார்ச் 11, புதன்

மோசமான நாள்.

தையல் கூடத்திலிருந்து மதியத் தூக்குகள் முக்கால்வாசி நிறைந்தபடியே திரும்பிவந்தன. வாயில் வைக்க முடியாத உப்பு. அங்கே தைக்கிற பெண்களுக்குத் தங்கைதான் தினமும் சமைத்து அனுப்புகிறாள். அவள் தன் பெயரில், தன் கையால் உண்டாக்கிய ஒரே விஷயம் அது. மேற்பார்வைக்கார அம்மா போனில் பேசினார். சத்தம் போடவில்லையாம். "இன்னொரு தடவை இப்படின்னா நான் வேற ஆள் பார்க்கணும்மா" என்று மட்டும்.

போனை வைத்ததும் தங்கை என்னிடம் வந்தாள். "அடுப்பு பக்கத்துல கேமராவத் தூக்கிட்டு நிக்காதேன்னா கேக்கிறியா? ஒரு கை உப்பு போட்டேனா ரெண்டு கை போட்டேனான்னு எனக்கே மறந்துபோகுது. உனக்கு விளையாட்டு. எனக்கு இது பொழப்புண்ணா."

நீதிபதியும் சேர்ந்துகொண்டாள். "மாமா, கொஞ்ச நாள் அந்தக் கேமராவ மூட்டை கட்டுங்க, ப்ளீஸ்."

அந்த 'ப்ளீஸ்'தான் குத்தியது. திட்டியிருந்தால் சிரித்திருப்பேன்.

நான் இந்த வீட்டில் யார்? ஓரத்து அறையில் ஒரு கட்டில், ஒரு கேமரா, நிறைய வாய்.

மார்ச் 12, வியாழன்

கேமராவை அலமாரியில் பூட்டினேன். சாவியை நீதிமன்றத்தில் ஒப்படைத்தேன்.

இரவு சோறு இலவம்பஞ்சு மாதிரி ஆவி விட்டது. இப்படிச் சுடச்சுட நான் சாப்பிட்டு எத்தனை காலமோ, நாக்கு வெந்தே போயிற்று.

குழம்பில் உப்பு இல்லை.

அப்படியென்றால்? கேமரா நிரபராதி. சொல்லிவிட எழுந்தே நின்றேன். ஆனால் தங்கை, முதல் வாய் வைக்கும் மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தன் தட்டைத் தொடவில்லை. நான் உட்கார்ந்துவிட்டேன்.

மார்ச் 15, ஞாயிறு

கடைக்கு மேலே ஓர் அறை காலியாக இருக்கிறது. போய்விடலாமா? யாரும் போகச் சொல்லவில்லை. சொல்ல வைக்காமல் போவதுதானே மரியாதை.

முதலில் கண்காட்சியைக் கழற்றலாம் என்று படங்களை இறக்கித் தரையில் வரிசையாகப் பரப்பினேன்.

பழைய படங்களில் எல்லாம் ஒரே குறை. பாத்திரத்தின் மூடி திறந்திருக்கும். அதற்கு மேலே தங்கையின் தலை. கண்ணை மூடி, மூக்கை ஆவிக்குள் விட்டு, மோந்து பார்த்துக்கொண்டிருப்பாள். எத்தனை தரம் கத்தியிருப்பேன், "தலைய எடும்மா, உன் தலைதான் தெரியுது, சோறு தெரியல" என்று. எடுக்கவே மாட்டாள். மோந்து பார்த்துத்தான் இறக்குவாள்.

ஜனவரியில் அவளுக்குக் கடுமையான சளிக்காய்ச்சல். அதற்கு அப்புறம் எடுத்த படங்கள் - பாத்திரம், ஆவி, வெளிச்சம். ஒன்றில்கூடத் தலை இல்லை.

நான் இதைத்தான் கலை கனிந்தது என்று எழுதி வைத்திருக்கிறேன். முட்டாள். முட்டாள்களின் மூதாதை.

மார்ச் 17, செவ்வாய்

கேட்பதா வேண்டாமா என்று ஒரு நாளை விழுங்கினேன். இன்று காலை கேள்விக்கே இடமில்லாமல் போயிற்று.

நடைவழியில் வரும்போதே புளித்த நாற்றம் மூக்கில் அறைந்தது. நேற்று வேகவைத்து வெளியே மறந்துவிட்ட பருப்பு. அதைத் தாளித்துத் தூக்குகளில் ஊற்றிக்கொண்டிருந்தாள், தையல் கூடத்துக்கு.

கரண்டியைப் பிடித்தேன். "இது கெட்டுப்போச்சும்மா."

"இல்லண்ணா. நல்லாத்தான் இருக்கு." எனக்காகக் குனிந்து மோந்து காட்டினாள். நடிப்பு. கண்ணை மூடவில்லை.

"எப்பலேர்ந்து?"

கரண்டியைப் பார்த்தபடியே சொன்னாள். "காய்ச்சல் விட்டதுலேர்ந்து. வாசனையும் இல்ல, ருசியும் இல்ல. சோறும் சோப்பும் எனக்கு ஒண்ணுதான். வந்துரும் வந்துரும்னு இருந்தேன். வெளிய தெரிஞ்சா யாருண்ணா என்கிட்ட சாப்பாடு வாங்குவாங்க?"

நான் கரண்டியை வாங்கிக் கீழே வைத்தேன்.

"உன் தலைல பழியப் போட்டேன். யாரு எதச் சொன்னாலும் நீ சிரிச்சுட்டுப் போயிருவ, அதான்."

இந்த வாயை வைத்துக்கொண்டு ஊரை விற்பேன் நான். இன்று கைதான் வேலை செய்தது. பருப்பை எடுத்துக் கொட்டிவிட்டு ரொட்டி வாங்க ஓடினேன். தையல் கூடத்தில் இன்று ரொட்டியும் வாழைப்பழமும்.

மார்ச் 20, வெள்ளி

வீட்டில் சொல்லியாகிவிட்டது. மாப்பிள்ளை, "முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா" என்றார்; அவ்வளவுதான், வெகுநேரம் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். நீதிபதி குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். வெளியே வரும்போது முகம் மட்டும் நனைந்திருந்தது.

மூக்கு டாக்டர் உள்ளே விளக்கடித்துப் பார்த்தார். "திரும்ப வரலாம். வராமலும் போகலாம்." இந்தப் பதிலை நானே சொல்லியிருப்பேன், விளக்கில்லாமல். காலையும் மாலையும் எலுமிச்சம்பழத் தோல், கிராம்பு, காப்பித்தூள் மூன்றையும் மோந்து பழக வேண்டுமாம்.

மேற்பார்வைக்கார அம்மாவிடம் தங்கையே நேரில் போய் உண்மையைச் சொன்னாள். அவர் நல்லவர்தான். வேலையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார். "சரியானதும் வாம்மா" என்றாராம்.

மார்ச் 24, செவ்வாய்

நீதிமன்றம் கேமராவை விடுதலை செய்தது. "சாரி மாமா" என்று சாவியை நீட்டினாள். சாம்ராஜ்யத்தைத் திருப்பி வாங்குகிறவன் மாதிரி குனிந்து வாங்கினேன். சிரித்தாள், கொஞ்சம்.

புதுக் கண்காட்சி அடுப்புக்கு மேலே. வெங்காயம் எந்த நிறத்தில் வந்தால் நிறுத்த வேண்டும், எண்ணெய் எப்படி மினுங்கினால் கடுகு போட வேண்டும், பருப்பு எவ்வளவு குழைந்தால் போதும் - ஒவ்வொன்றுக்கும் ஒரு படம். நீதிபதி ருசி பார்க்க, நான் எடுக்க. தங்கை படத்தையும் வாணலியையும் மாறி மாறிப் பார்த்துச் சமைக்கிறாள். அரச குடும்பத்து உருவப்படங்களுக்குக்கூட இந்த மரியாதை கிடைத்திருக்காது.

சாப்பாடு நன்றாக வந்தது. அவள் தட்டில் பாதி மீந்தது. "மண்ண மென்னு முழுங்குற மாதிரி இருக்குண்ணா."

ஏப்ரல் 4, சனி

கடையிலிருந்து சீக்கிரம் வந்தேன். படியிலேயே கேஸ் வாடை.

உள்ளே அவள் தரையில் உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். தலைக்கு மேலே அடுப்பின் குமிழ் பாதி திறந்தபடி. அணைந்த நெருப்பை அவள் பார்க்கவில்லை. "என்னண்ணா, ஓடி வர்ற?"

மூடினேன். ஜன்னல்களைத் திறந்தேன். அவளைக் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தேன். கையில் கத்தியோடே வந்தாள்.

இன்று மிகைப்படுத்த ஒன்றும் இல்லை.

ஏப்ரல் 6, திங்கள்

மாப்பிள்ளை கேஸ் கசிந்தால் அலறும் பெட்டி ஒன்றைச் சுவரில் மாட்டினார். கடைக்கு மேலே உள்ள அறை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

ஏப்ரல் 19, ஞாயிறு

எலுமிச்சை, கிராம்பு, காப்பி. ஒன்றுமில்லை.

ஏப்ரல் 27, திங்கள்

ஒன்றுமில்லை. இன்று மூன்றையும் தூக்கிக் குப்பையில் போட்டாள். மாலையில் நீதிபதி புதிதாக வாங்கிவந்து அதே இடத்தில் வைத்தாள்.

மே 9, சனி

காலை. கேழ்வரகு நிறத்தில் மேகம், அடுப்பில் காய்கறி சூப். கேமராவைச் சரிபார்த்து, வெளிச்சத்தை உத்தரவிட்டு நிறுத்தி, அழுத்தப் போகும் நேரத்தில் குறுக்கே ஒரு தலை வந்தது.

நான் கத்தவில்லை.

தங்கை சூப்புக்கு மேலே குனிந்து இருந்தாள். கண் மூடியிருந்தது. பிறகு மெல்லத் திரும்பி, என் பக்கமாக மூக்கைச் சுருக்கினாள்.

"அண்ணா, இந்தச் சட்டைய எத்தனை நாளா போட்டிருக்க?"

"என்னது?"

"நாறுது. போய்க் குளி."

கேமராவை மேசைமேல் வைத்துவிட்டுக் குளியலறைக்குப் போனேன். குழாயை முழுசாகத் திறந்துவிட்டு, வாளி நிரம்பி வழிந்த பிறகும் அப்படியே நின்றுகொண்டிருந்தேன்.

கதவைத் தட்டினாள். "போதும் வாண்ணா. சூப் ஆறுது."